மூணு பேருக்கான வீடு

"எத்தனை பேரு?"

வீட்டுக்கார அம்மாள் கேட்டுவிட்டு நோட்டைப் பிரித்தாள். பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு காத்திருந்தாள்.

"மூணு பேர்தாம்மா. நான், இவ, பையன்" என்றான் கணவன்.

மனைவி சுவரில் இருந்த சுவிட்சுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாலாவது ஆள் கீழே தரகரின் காருக்குள் இருந்தாள். மூன்றரை வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. நடந்தால் கீச் கீச் என்று கத்தும் சிவப்பு ஷூ போட்டிருப்பாள். யார் எதைப் பங்கு வைத்தாலும் "எனக்கு?" என்று முதல் ஆளாக வந்து நிற்பாள்.

எல்லாம் தரகர் சொல்லிக்கொடுத்த பாடம். "அந்தம்மா மூணு பேருக்கு மேல விடமாட்டாங்க சார். தண்ணி பத்தாதாம். மூணுன்னு சொல்லிக் குடி வந்துடுங்க. சின்னதை அப்புறம் மெதுவா உள்ள சேத்துக்கலாம். குழந்தையைப் போய் யாரு எண்ணப்போறா?"

இது அவர்கள் பார்க்கும் பதினேழாவது வீடு. லிஃப்ட் பழுதுபார்க்கும் அவன் சம்பளம் ஒன்றை நம்பித்தான் புது ஊருக்கு வந்திருந்தார்கள். பல் ஆஸ்பத்திரியில் அவள் பார்த்த வேலையை விட்டாகிவிட்டது. மற்ற வீடுகளின் வாடகையைக் கேட்டாலே தலை சுற்றியது. இங்கே இரண்டு அறை, நல்ல வெளிச்சம், தெருமுனையில் பள்ளிக்கூடம், வாடகையோ பாதிதான். இதுவும் கிடைக்காவிட்டால் அவன் மட்டும் இங்கே இருக்க, அவள் பிள்ளைகளோடு பழைய ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"நீ சொல்லும்மா" என்று வீட்டுக்கார அம்மாள் இவள் பக்கம் திரும்பினாள். "ஆம்பளை சொன்னா நான் எழுதறதில்லை. பெத்தவ சொல்லணும். எத்தனை பேரு?"

கணவன் தொண்டையைக் கனைத்தான்.

"மூணு... மூணு பேர்தாம்மா."

"நல்லா யோசிச்சுக்கோ. எழுதிட்டா எழுதினதுதான். அப்புறம் மாத்தமாட்டேன்."

"மூணு பேர்தான்."

வீட்டுக்கார அம்மாள் எழுதினாள். மூன்று சாவிகளை எடுத்து, கூட நின்ற பையனுக்கும் சேர்த்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். கிளம்பும்போது அலமாரியைத் திறந்து, உள்ளே கிடந்த குட்டி மஞ்சள் குடை ஒன்றை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"முன்ன இருந்தவங்க விட்டுட்டுப் போனது. போன் பண்ணிக் கேட்டா எங்களோடது இல்லைங்கறாங்க. புதுக் குடை, பாவம்."

படி இறங்கும்போது கணவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "பாத்தியா, முடிஞ்சுது!"

"பெத்த பொண்ணை இல்லைன்னு சொல்லிட்டேங்க."

"அட, வாயால சொன்னா அவ என்ன குறைஞ்சா போயிடுவா? வீடு கிடைச்சுதேன்னு சந்தோஷப்படு."

அவளால் சந்தோஷப்பட முடியவில்லை. காருக்குள் இருந்து வாலு கையை நீட்டி, "எல்லாருக்கும் சாவி. எனக்கு?" என்றபோது அழுகையே வந்துவிட்டது.

லாரியில் சாமான் வந்த அன்று, வாலு போர்வைக்குள் சுருண்டு அப்பாவின் தோளில் படுக்கையோடு படுக்கையாக மாடி ஏறினாள். உள்ளே வந்ததும் அம்மா முதல் வேலையாக ஷூக்களைக் கழற்றி அலமாரிக்கு அடியில் தள்ளினாள்.

"இது ஒரு விளையாட்டு. சத்தமே போடாம இருந்தா நீதான் ஜெயிச்சே."

"ஜெயிச்சா எனக்கு என்ன?"

"என்ன வேணும்?"

"என் ஷூ."

"நாளைக்குத் தரேன்டி தங்கம்."

வாலு வாயில் விரலை வைத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில், வீட்டுக்கார அம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள்.

"வீட்டை ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

சமையலறை, குளியலறை, கதவிடுக்கு என்று ஒன்று விடவில்லை. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள். கொடியில் மூன்று துண்டுகள். கண்ணாடிக்குக் கீழே மூன்று பிரஷ்கள். கணவன் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பையன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"மூணு பேர்தானே?"

"மூணு பேர்தாம்மா." இந்த முறை அவள் குரல் தடுமாறவே இல்லை.

"வீடெல்லாம் புடிச்சிருக்கா?"

"ரொம்பம்மா. இந்த ஒரு சம்பளத்துல இப்படி ஒரு வீடா! சாப்பிட உட்காரும்போது மட்டும் எதையோ லாரியிலேயே விட்டுட்டு வந்த மாதிரி இருக்கும். என்னன்னுதான் தெரியலை."

"இங்க வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க. போகப் போகச் சரியாயிடும்" என்றபடி வீட்டுக்கார அம்மாள் வாசலுக்கு நடந்தாள்.

"ஒரு நிமிஷம்மா, மறந்தே போயிட்டேன்!"

அவள் ஓடிப்போய் அலமாரிக்கு அடியில் கையை விட்டு எதையோ எடுத்து, தூசி தட்டினாள். கீச்சென்று ஒரு சத்தம். பையன் சட்டென்று தலை நிமிர்ந்தான். ஒன்றும் புரியாமல் ஒரு கணம் பார்த்துவிட்டு, மறுபடியும் கணக்கில் குனிந்துகொண்டான்.

அந்தச் சிவப்பு ஷூக்களை வீட்டுக்கார அம்மாள் கையில் கொடுத்து அவள் சொன்னாள்: "பெருக்கும்போது கிடைச்சுது. எங்களோடது இல்லைம்மா, முன்ன இருந்தவங்களோடதா இருக்கும்."