ஆசிட் லைன் வாஷர்

சௌந்தரராஜன் மெஷினைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். ஃபெபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டூப்ளிகேட் சாமானை விற்றுவிட்டு இங்கே வந்து கும்பிடு போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

போன வாரம் ஓசூரில் ஒரு முலாம் பூசும் ஃபேக்டரியில் ஆசிட் பைப்பின் இணைப்பு பிய்த்துக்கொண்டு அடித்தது. பக்கத்துச் சானமாவுக் கிராமத்துக் கரியப்பன், ரெண்டு பிள்ளைக்காரர், வெந்து செத்தார். அந்த இணைப்பில் கிடந்த வெள்ளை வாஷர்தான் இப்போது ஃபெபா வேலை பார்க்கும் தடயவியல் லேபில், போலீஸ் சீலோடு. அதை ஃபேக்டரிக்கு சப்ளை செய்தவர் சௌந்தரராஜன். டெஸ்ட்டை நேரில் பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டார்.

டெஃப்லான் என்றால் ஆசிட்டைத் தாங்கும். வெறும் பாலித்தீன் என்றால் சூட்டில் இளகிவிடும். விற்றவர் கம்பி எண்ண வேண்டியதுதான். டெஃப்லானாகவே இருந்துவிட்டால், பிரஷரைப் பார்க்காமல் வால்வைத் திறந்த ஆபரேட்டர் மேல் கேஸ் திரும்பும்.

"பெங்களூர்க்காரன்கிட்ட வாங்குனதுங்க மேடம். பாதி வெலைக்குக் குடுத்தான். ஏமாத்தித்தான் இருப்பான்."

பழியை இப்போதே பெங்களூருக்கு பஸ் ஏற்றுகிறாரே, கெட்டிக்காரர்தான் என்று ஃபெபா நினைத்துக்கொண்டாள்.

"தள்ளி நில்லுங்க சார். நீங்க விடுற மூச்சுகூட கிராஃப்ல விழும்."

வாஷரில் ஒரு துணுக்கைச் சீவி வைத்து அழுத்தினாள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரில் ஒவ்வொரு பொருளும் தனக்கென்று ஒரு பங்கை விழுங்கும். விழுங்கிய இடத்தில் திரையில் ஓடும் கோடு பள்ளமாக இறங்கும்.

கோடு ஊர்ந்தது. பாலித்தீனுக்குப் பள்ளம் விழவேண்டிய இடம் மொட்டையாகக் கிடந்தது. கடைசியில், டெஃப்லானுக்கே உரிய இரண்டு பள்ளங்கள் அடுத்தடுத்து ஆழமாக இறங்கின.

அடப்பாவமே, ஒரு நல்ல மனுஷனையா இவ்வளவு நேரம் மனசுக்குள் திட்டினோம்! ஃபெபாவுக்குச் சங்கடமாகிவிட்டது. இனி ஒரு நிமிஷம்கூட அவர் தவிக்க வேண்டாம் என்று ரிப்போர்ட்டை இன்ஸ்பெக்டருக்கு உடனே மெயிலில் தட்டிவிட்டாள்.

"சார், ஒரிஜினல் டெஃப்லான்! தப்பிச்சீங்க. ரிப்போர்ட்டும் அனுப்பிட்டேன்."

அவர் திரைக்குப் பக்கத்தில் வந்து அந்த இரண்டு பள்ளங்களையும் உற்றுப் பார்த்தார்.

"இன்னொரு தடவ போட்டுப் பாருங்க மேடம்."

"நூறு தடவை போட்டாலும் இதேதான் சார் வரும்."

"டூப்ளிகேட்டுன்னு மாத்தி எழுதுங்க. நான் ஜெயிலுக்குப் போயிக்கறேன். உங்க கால்ல வேணும்னாலும் உழறேன்."

ஃபெபா பதறி எழுந்தாள்.

"பைத்தியமா சார் உங்களுக்கு? யாரோ ஒரு ஆபரேட்டருக்காக நீங்க எதுக்கு உள்ள போகணும்?"

"வால்வைத் தெறந்தது எம் பொண்ணுதாங்க மேடம்."