சுவரைப் பார்த்த பட்டாணி

“இப்படி முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்தா என்னடா அர்த்தம்? நான் உனக்கு என்ன குறை வெச்சேன்?”

மாவு மில்காரர் கேட்டார். அந்தப் பொடியன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். போதாக்குறைக்கு வாலை வேறு ஒரு தரம் ஆட்டினான்.

பொடியனின் பெயர் பட்டாணி. பச்சை நிறம், உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு. லவ் பேர்ட்ஸ் என்று சொல்வார்களே, அந்தப் பட்ஜி வகையில் ஒரு குஞ்சு.

“ஜோடியா வாங்கினா அதுங்க ரெண்டும் தங்களுக்குள்ள பேசிக்கும். ஒத்தையா இருந்தாத்தான் உங்ககிட்ட ஒட்டும், பேச்சும் கத்துக்கும்” என்று சொல்லித்தான் பறவைக் கடைக்காரர் கொடுத்தார். ஒத்தையாக இருப்பதைப் பற்றி மில்காரருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அவர் மட்டும்தான்.

மகன் எங்கோ தொலைவில் வேலையில் இருக்கிறான். போனில் பேசினால் அப்பாவுக்குச் சரியாகக் கேட்காது என்று, ‘சாப்ட்டீங்களா?’ என்று எழுதி அனுப்பிவிடுவான். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வார்த்தையை யாராவது குரல் கொடுத்துக் கேட்க மாட்டார்களா என்று அவருக்கு ஏக்கமாக இருந்தது. குஞ்சு கேட்டால்கூடப் போதும்.

குரலைக் கேட்கக் காது வேண்டுமே. அதை மில் சத்தம் என்றைக்கோ தின்றுவிட்டது. காது மிஷின் இருக்கிறது. மாட்டினால் உள்ளே ஒரே ‘கொய்ங்’. பேச ஆளில்லாத வீட்டில் அந்த அவஸ்தை எதற்கு என்று வாசலிலேயே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிடுவார். பட்டாணியின் அலகு அசைந்தால் சட்டென்று எடுத்து மாட்டிக்கொள்வதாக ஏற்பாடு.

பழக்குவதில் மனிதர் ஒரு குறையும் வைக்கவில்லை. மாவு படிந்த வெள்ளை உருவத்தைக் கண்டு குஞ்சு கூண்டுக்குள் படபடத்ததால், குளித்துவிட்டுத்தான் கிட்டேயே போவார். தினைக் கதிரைப் பிடித்துக்கொண்டு கை மரத்துப் போகிற வரை அசையாமல் நின்றார். ஒருவழியாகப் பட்டாணி அவர் விரலில் ஏறிக் கொறிக்க ஆரம்பித்த அன்று, அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பேச்சில்தான் வம்பு. “மெதுவா, கொஞ்சிக் கொஞ்சிப் பேசுங்க” என்றிருந்தார் கடைக்காரர். மெதுவாகத்தான் பேசுகிறோம் என்பது மில்காரரின் நினைப்பு. அவர் “சாப்ட்டியாடா?” என்றால் மாடிப்படி வரைக்கும் கேட்கும்.

கேட்ட மறு நொடி பட்டாணி விருட்டென்று திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடும். தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே இருக்கும். காலையிலும் இதே கதை, மாலையிலும் இதே கதை. அலகு எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாதபோது, அசைந்ததா இல்லையா என்று எங்கே பார்ப்பது?

நம்மோடு பேச யாருக்குமே பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினார். அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த தையல்கார அம்மாகூட ஒரு தரம் படிக்கட்டில் ஏதோ சொன்னார். ‘என்ன? என்ன?’ என்று திரும்பத் திரும்பக் கேட்க வெட்கப்பட்டு, இவர் சும்மா தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார். அதோடு அந்த அம்மாவும் பேசுவதில்லை.

மில்லுக்கு லீவு விட்ட ஒரு நாள், கூண்டைக் கொக்கியிலிருந்து இறக்கினார்.

“வேண்டாம்டா. பிடிக்காத இடத்துல உன்னை எதுக்கு அடைச்சு வெக்கணும்? கடையில உன் கூட்டத்தோட போய் இரு.”

கடைக்காரரிடம் பேச வேண்டியிருக்கிறதே என்று காது மிஷினை மாட்டிக்கொண்டார். கூண்டின் மேல் துண்டைப் போர்த்தினார். பழக்க தோஷம், வாய் சும்மா இருக்கவில்லை.

“கடைசியா கேக்கறேன். சாப்ட்டியாடா?”

“ஆச்சுங்க. நீங்க சாப்ட்டீங்களா?”

கீச்சுக் குரல்தான். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது. துண்டைப் பிடுங்கி எறிந்தார். பட்டாணி சுவரைப் பார்த்தபடியே, தலையை ஆட்டி ஆட்டி இன்னொரு தரம் சொன்னது: “ஆச்சுங்க. நீங்க சாப்ட்டீங்களா?”

மில்காரர் கூண்டைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. அந்தக் கேள்வி காதில் விழுந்து எவ்வளவு காலமாயிற்று!

அப்புறம்தான் உறைத்தது. இத்தனை நாளும் அவர் கேள்வி மட்டும்தான் கேட்டிருக்கிறார். பதில் சொல்லிக் காட்ட இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்?

“இதை யாருடா உனக்குச் சொல்லிக் குடுத்தது?” என்றார், வழக்கம்போல மாடிப்படி வரைக்கும் கேட்கிற குரலில்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தையல் மிஷின் நின்றது.

“நான்தாங்க.”