பெரிதும் சிறிதும் இல்லாத பெயர்
கொரியாவின் தேஜோன் நகர அலுவலகத்தில் மதிய வெயில் நிரலாளர் கயுலின் விசைப்பலகைமேல் படுத்திருக்கிறது. விவரங்களை இட்டு நிரப்பும் வார்ப்புப் பக்கத்தில் வரும் பெயர், மதிப்பைத் தாங்கும் மாறியா, வேறு கோப்பில் இருக்கும் ஒரு வகைக்கான பாதையா என்று பிரிக்கும் நிரல் அவளுடைய இரண்டு வருட உழைப்பு. மூன்று மணிக்குள் பள்ளிச் சாப்பாட்டுப் பக்கம் திரையில் வராவிட்டால் மேலிடத்தார் அந்த நிரலைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஆங்கிலச் சின்ன எழுத்தில் தொடங்கினால் மாறி, மற்றதெல்லாம் வகை என்பது அவள் விதி. பள்ளிக்காரர்களோ மாறிக்குக் கொரிய எழுத்தில் ‘சாப்பாடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் கொரிய எழுத்தில் ஆங்கிலம்போலப் பெரிது சிறிது கிடையாது. நிரல் அதை வகையென்று நம்பித் தேடிக் களைத்துப் பிழை காட்டுகிறது. தொண்ணூற்றொன்றில் ஒரு நிரல் இப்படித் தேடப் போய், பூசான் துறைமுகத்திலிருந்து நெத்திலியோடு திரும்பியது. பிழை பார்க்கும் கிழவனான நான்தான் வறுத்தேன். “ஐயா, உங்க நெத்திலிய அப்புறம் வறுங்க,” என்கிறாள் கயுல். பக்கத்து மேசை சொக்ஜு காப்பியை உறிஞ்சுகிறான். “அக்கா, எழுத்தோட மூஞ்சிய ஏன் பாக்குறீங்க? பக்கத்துக்கு அனுப்புன பட்டியல்ல அந்தப் பேரு இருக்கான்னு மொதல்ல பாருங்க. இருந்தா மாறிதான்.” “காலையில இருந்து இத வாய்க்குள்ளயா வெச்சிருந்த?” அவள் விரல்கள் நான்கு வரிகளை மாற்றுகின்றன. மணி இரண்டு ஐம்பத்தாறு. திரையில் நாளைய சாப்பாடு வரி வரியாக இறங்குகிறது: சோறு, சோயா விழுதுக் குழம்பு, நெத்திலி வறுவல். கயுல் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நான் வாணலியைத் தேடி எழுகிறேன்.