கத்திரிக்குப் பாத்தி

அடுக்களை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் மறுபடியும் முள் குத்திக்கொண்டு நின்றான். ஒற்றைக் காலில், கொக்கு மாதிரி.

தலையில் அகலமான தொப்பி. ஆன்லைனில் வாங்கியது. கையுறையும் அப்படித்தான். விளம்பரத்தில் சிரித்துக்கொண்டு நிற்பவனைப் போலவே வாங்கி மாட்டியிருந்தான். சிரிப்புதான் வரவில்லை.

வீட்டை ஒட்டிய அந்தக் காலிமனை அவளுடைய அப்பா அவளுக்கு எழுதி வைத்தது. அவர் போன பிறகு யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. சீமைக்கருவேலமும் எருக்கும் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தன. பாம்பு உண்டு என்று தெருவே சொல்லும்.

பேனர் அடிக்கும் கடையை மூடிவிட்டு மூன்று மாதம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த புருஷன், ஒரு காலையில் அரிவாளோடு எழுந்து போனான்.

"காய்கறி போடப் போறேன், பைரவி."

"போடுங்க" என்றாள். காபியை உறிஞ்சியபடி.

அந்த ஒரு சொல்லில் எல்லாவற்றையும் வைத்திருந்தாள். அவனுக்கும் அது கேட்டிருக்கும்.

முதல் வாரம் வெட்டினான். இரண்டாவது வாரம் வெட்டிய இடத்திலேயே தளிர்த்தது. வேரோடு எடுக்க வேண்டும் என்று செல்போன் வீடியோவில் எவனோ சொன்னான். கடப்பாரை வாங்கி வந்தான். அதை எப்படிப் பிடிப்பதென்று பார்க்க மறுபடி செல்போன்.

காய்க்கும் சுண்டைக்காய்ச் செடியைக் களை என்று பிடுங்கி எறிந்தான்.

ஓர் ஊமத்தையை மட்டும் விட்டுவைத்தான். அதைச் சுற்றிப் பாத்தி கட்டினான். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினான். தானாக முளைத்த கத்திரிச் செடி என்று அவளிடமே வந்து சொன்னான்.

அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. சொல்லவில்லை.

வெள்ளைக் குழல் பூ விரிந்த அன்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அக்காவுக்கு போன் போட்டு, சத்தத்தைக் குறைக்காமல் சொன்னாள். "கத்திரிக்காயாம்க்கா. கத்திரிக்காய்."

வெளியே மண்வெட்டிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அவன் எதையும் வந்து சொல்லவில்லை. தொப்பியையும் கழற்றி வைத்துவிட்டான். துண்டை முண்டாசாகக் கட்டிக்கொண்டான். முதுகு கறுத்தது. தொங்கிக்கொண்டிருந்த வயிறு வற்றியது.

அவள் ஜன்னலுக்கு வருவது மட்டும் நிற்கவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அவன் கடைசி மூலையில் மிச்சமிருந்த ஒற்றைக் கருவேலத்தைத் தோண்டிக்கொண்டிருந்தான்.

கேட்டில் யாரோ கூப்பிட்டார்கள். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பின்தெருவில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்தவர். பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் என்று கேள்வி. சலவைச் சட்டை. அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று அவளே நினைத்திருந்தாள்.

"அதே இடமாம்மா இது? நான் வந்தப்போ காடால்ல கிடந்துச்சு?"

"ஆமா சார். சுத்தம் பண்ணிட்டிருக்கோம்."

அவர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். வெறும் உடம்போடு, இடுப்பளவு குழிக்குள் நின்று அவன் கடப்பாரையால் வேரை நெம்பிக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே வரிசை வரிசையாகப் பாத்தி. கீரை முளைத்துப் பச்சைக் கம்பளமாகக் கிடந்தது.

அவளும் அப்போதுதான் கிட்டத்தில் நின்று பார்த்தாள்.

"ஆளு நல்லா வேலை செய்யறானே. எங்க புடிச்சீங்க?"

அவள் வாயைத் திறந்தாள்.

அவனுடைய அழுக்கு லுங்கி தெரிந்தது. முண்டாசு தெரிந்தது. அவருடைய சலவைச் சட்டை தெரிந்தது.

"இங்கதான் சார். பக்கத்துலதான்."

குழிக்குள் கடப்பாரை நின்றது.

"என் மனையும் இப்படித்தான்மா முள்ளா கிடக்கு. இவனை நாளைக்கு அனுப்பி வைக்க முடியுமா?"

"கேட்டுச் சொல்றேன் சார்."

"இதுக்கென்ன, நானே கேட்டுடறேன்." அவர் கையைத் தட்டினார். "ஏப்பா! நாளைக்கு நம்ம இடத்துக்கு வர்றியா?"

அவன் குழியிலிருந்து மெல்ல ஏறி வந்தான். முண்டாசை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

அவளைப் பார்த்தான். பிறகு அவரை.

"அம்மா அனுப்பினா வர்றேங்க ஐயா."

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். அவன் முகத்தில் எங்காவது ஒரு சிரிப்பு ஒட்டியிருக்கிறதா என்று தேடினாள். கோபமாவது. ஒன்றுமில்லை.

அவன் நேராக, மனையைப் பார்த்த பக்கவாட்டுப் படிக்குப் போனான். தினமும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஏறும் படி. ஏறவில்லை. கீழே மண்ணில் நின்றான்.

"அம்மா, கொஞ்சம் தண்ணி."

பெரியவர் இன்னும் கேட்டருகில்தான் நின்றார். "குடுங்கம்மா. வெயில்ல வேலை செய்யறான் பாவம்."

அவள் உள்ளே போனாள். சொம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள்.

படியில் நின்று நீட்டினாள். "இந்தாங்க" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

அவன் சொம்பை வாங்கவில்லை.

குனிந்தான். இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து வாயோடு சேர்த்து வைத்துக்கொண்டான். காத்திருந்தான்.

பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஊற்றினாள்.

முழங்கை வழியாக மண் கலந்து வழிந்தது. அவன் குடித்துக்கொண்டே இருந்தான். தலை நிமிரவில்லை.

சொம்பு காலியாயிற்று.

அவன் கைகளை விலக்கவில்லை.