எத்தனை சிட்டிகை?

"குடிக்கிற தண்ணியில கிருமி கக்குன கோந்தைப் போடுவாங்களாம்! இதுக்கு ஒரு படிப்பு வேற!"

சுத்திகரிப்பு நிலையத்து ஆபரேட்டர், புதிதாக வந்த கெமிஸ்ட் பெண்ணின் காதில் விழும்படியே சொன்னார். இருபத்தாறு வருஷம் படிகாரம் போட்டே தண்ணீரைத் தெளிய வைத்தவர் அவர்.

"கிருமி இருக்காது சார். அது சுரக்கிற பசை மட்டும்தான். அழுக்கை இழுத்துக்கிட்டு அடியில உக்காந்துடும்."

"ஒரு வாரமா உக்காரலையேம்மா!"

இன்று இன்ஜினியர் முன்னால் கடைசிச் சோதனை. கலங்கல் தண்ணீர் இருந்த பீக்கரில் அவள் பசையை ஊற்றிக் கலக்கினாள். ஆபரேட்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இளக்காரமாகப் பார்த்தார்.

ஐந்தே நிமிஷம். அழுக்கெல்லாம் திரிதிரியாகத் திரண்டு அடியில் படிந்தது. மேலே தண்ணீர் பளிங்காக நின்றது.

"நாளையிலேருந்து படிகாரத்தை நிறுத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் இன்ஜினியர்.

ஆபரேட்டர் நம்பாமல் பீக்கரைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

கெமிஸ்ட் நோட்டைத் திறந்தாள். "நான் அந்தப் பக்கம் போன நேரத்துல, கெடுக்கணும்னே பீக்கர்ல சுண்ணாம்பு போட்டிருக்கீங்க. விரலெல்லாம் இன்னும் வெள்ளையா இருக்கு. ஒரு வாரமா என் பசைக்குக் குறைஞ்சது அதுதான். எத்தனை சிட்டிகைன்னு சொல்லுங்க, எழுதிக்கணும். உங்க பேரோட!"