நடேசன் வீட்டு முன்னூறு எம்பிபிஎஸ்

“முன்னூறு ஸ்பீடுன்னு மாட்டிட்டுப் போனியே, இன்னாத்துக்குப்பா அது? மாப்ள வாயத் தொறந்தவரு தொறந்தபடியே நின்னுட்டாருய்யா!”

நடேசனின் குரல் மூன்று வீடு தாண்டிக் கேட்டது. நானோ பக்கத்து வீடு. காலித் தயிர்த் தூக்கைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

கூடத்தில் பிராட்பேண்ட் கம்பெனி ஆள் மணிகண்டபிரபு, அடி வாங்கத் தயாரானவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன்.

“அண்ணாச்சி, சத்தம் போடாதிய. லைன்ல ஒரு கொறையும் இல்ல.”

“கொறை இல்லையா? எம் பொண்ணு கல்யாணமே நின்னுபோச்சுய்யா!”

அது உண்மைதான். மாப்பிள்ளை சிவசங்கர் தோஹாவில் வேலை. வீடியோ காலில் பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டால், வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டார் வந்து தட்டு மாற்றுவதாக ஏற்பாடு. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று, கவிப்பிரியா கம்பெனி வேலையை விட்டுவிட வேண்டும். “விட்டா போச்சு” என்று நடேசன் அவளைக் கேட்காமலேயே சொல்லிவிட்டார்.

பின்பக்கம் எட்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்டதிலிருந்து அவர் கூடத்தில் செல்போன் சிக்னல் எடுப்பதில்லை. ஹலோ சொல்லக்கூட மொட்டை மாடிக்கு ஓட வேண்டும். கல்யாணப் பெண்ணைத் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நிறுத்தியா காட்டுவது? அதற்காகத்தான் பழைய பிளானைத் தூக்கிவிட்டு, வியாழக்கிழமை முன்னூறுக்கு மாறினார். தெருவில் ஒருவரை விடாமல் சொன்னார்.

ஞாயிறு பதினோரு மணிக்குக் கூடத்து டிவியில் கால் வந்தது. நானும் இருந்தேன். சிவசங்கர் “வண” என்றார். “க்கம்” வரவில்லை.

டிவி முழுக்க அவர் வாய்தான்.

நாலு தடவை போட்டார்கள். நாலு தடவையும் விதவிதமாக உறைந்தார். பட்டுப்புடவையில் கவிப்பிரியாவும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கண் சிமிட்டியதால்தான் இந்தப் பக்கம் உறையவில்லை என்று தெரிந்தது. கடைசியில் நடேசன் மாடிக்கு ஓடிப் போய்ப் பேசினார். “சகுனம் சரியில்லீங்க, அப்பால பாக்கலாம்” என்று வைத்துவிட்டாராம் மாப்பிள்ளையின் அம்மா.

எங்கள் பக்கத்தில் அப்பால என்றால் எப்போது என்று எல்லாருக்கும் தெரியும்.

மணிகண்டபிரபு சுவரைப் பார்த்தான். அவன் அடித்த ஆணி மட்டும் இருந்தது.

“நான் இங்கன மாட்டுன பெட்டி எங்க?”

நடேசனின் மனைவி சின்னப்பொண்ணு மெதுவாகக் கை காட்டினாள். கூடத்து மூலையில் இரும்பு பீரோ.

திறந்தால், பட்டுப்புடவைகளுக்கு நடுவில், நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு புது மோடம் உட்கார்ந்து கண்ணடித்துக்கொண்டிருந்தது. பீரோவின் முதுகில் துரு தின்ற ஓட்டை வழியாக வயர்கள் உள்ளே போயிருந்தன.

“பின்னாடி எட்டு ரூம்லயும் ஓசில புடிச்சிக்குவாங்களே. பீரோல வெச்சிப் பூட்டிட்டா நெட்டு வெளிய போவாதுன்னு கவிதான் சொல்லிச்சு. அது படிச்ச பொண்ணாச்சேன்னு...”

மணிகண்டபிரபு விழுந்து விழுந்து சிரித்தான். “ஆத்தீ! இரும்புக்குள்ள போட்டு அடைச்சா வெளிய மட்டுமா போவாது? ஒங்க டிவிக்கே வராதும்மா!”

நடேசனின் கோபம் சட்டென்று மகளைத் தாண்டி மனைவி மேல் இறங்கியது. “அது கொழந்தடி, அதுக்கு இன்னா தெரியும்? உனக்கு எங்க போச்சு புத்தி?”

அந்தக் குழந்தைக்கு இருபத்தேழு வயது. இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பி, யூனிஃபார்மும் கழுத்தில் அடையாள அட்டையுமாகக் காபி கொண்டுவந்தாள்.

மணிகண்டபிரபு டம்ளரை வாங்கும்போது அட்டையைப் படித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“டெஸ்டிங்லயாக்கா இருக்கிய?”

“ஆமா. ஆறு வருசமா. சக்கர போதுமா?”

“போதும்க்கா” என்றான். மோடத்தைப் பழைய ஆணியில் மாட்டினான், வண்டியை எடுத்தான், போய்விட்டான்.

எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. எதைப் பார்த்து அடங்கினான்?

பத்து நாள் கழித்து சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அகப்பட்டான். டீ வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது டீயில் சொன்னான்.

அவள் கம்பெனியில் செய்கிற ஒவ்வொரு செல்போனையும் ஒரு இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடித்தான் சோதிப்பார்களாம். வெளியே இருக்கிற சிக்னல் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பது வெளியே போகக்கூடாது. ஒரு ஷிஃப்டுக்கு நானூறு முறை அந்தப் பெட்டியைத் திறந்து மூடுவதுதான் கவிப்பிரியாவின் வேலை.

இதை நான் நடேசனிடம் இன்றுவரை சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் சொல்லாமல் வைத்திருக்கும் விஷயம் இது ஒன்றுதான்.

சிவசங்கர் வைகாசியில் லீவு போட்டு வந்து, நேரிலேயே பார்த்து, வாலாஜாபாத் பெண்ணைக் கட்டிக்கொண்டார். கவிப்பிரியாவைத் தையில் அவள் கம்பெனியிலேயே வேலை செய்யும் திருமலைக்குக் கொடுத்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் வீடு எடுத்துப் போய்விட்டார்கள். அவளுக்குக் காலை ஷிஃப்ட், அவனுக்கு மாலை. எட்டு மாதமாகியும் சண்டை போட நேரம் கிடைக்கவில்லையாம்.