தேறுமா தேறாதா

சுத்தியலால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்தேன். மூன்று இடம் கணீரென்றது. அடிப்பக்கம் மட்டும் பொத்தென்றது.

ஒவ்வொரு தட்டுக்கும், அடுப்பைக் கொண்டுவந்த அம்மா கண்ணை மூடித் திறந்தார்.

சின்ன எண்ணெய் டிரம்மை நெடுக்காகப் பிளந்து, கீல் வைத்து, நாலு கால் கொடுத்து, இரண்டு காலில் சக்கரமும் மாட்டிச் செய்த பார்பிக்யூ அடுப்பு. கரியைக் கொட்டி, மேலே கம்பிவலை வைத்துக் கறி சுடுகிற வகை. வருடக்கணக்கில் மழையில் கிடந்திருக்கிறது. கம்பி பிரஷ் பட்டதும் துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

"தேறுமா?" என்றார்.

இந்த வட்டாரத்தில் எனக்குப் பெயரே 'தேறாது'தான். என் மைத்துனனே அப்படித்தான் கூப்பிடுவான். பத்துச் சாமான் என் வெல்டிங் பட்டறைக்கு வந்தால் எட்டைத் திருப்பி அனுப்புகிறவன் நான். ஒப்புக்கு ஒட்டுப்போட்டுக் கொடுப்பது எனக்கு ஆகாது.

ஆனால் இது தேறும். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்தால் போதும். வெட்ட வேண்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

"நல்லா ஆயிடும்மா. கவலையே படாதீங்க."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. அது எனக்குப் புரியவில்லை.

குனிந்து கால்களைப் பார்த்தேன். கற்றுக்குட்டி வெல்டிங். முதல் காலில் அங்கங்கே உருண்டை உருண்டையாக அப்பியிருந்தது. நாலாவது காலுக்கு வருவதற்குள் கை படிந்து கோடு நேராகிவிட்டது. ஒருவன் ஒரே நாளில் கொஞ்சம் தொழில் கற்றுக்கொண்டது அப்படியே இரும்பில் தெரிந்தது.

யார் செய்தது என்றேன். மகன் என்றார்.

நல்ல கை, இப்போது என்ன செய்கிறார் என்றேன். கேட்டிருக்கக் கூடாது.

மகன் இல்லை. மூன்று வருடம் ஆகிறது. இருபத்திரண்டு வயது.

பலமுறை சொல்லித் தேய்ந்ததை ஒப்பிக்கிற மாதிரி மீதியைச் சொன்னார். அடைமழை நாள். கரண்ட் இல்லை, அடுப்பில் கேஸும் தீர்ந்துவிட்டது. சமையலே பின்பக்கத் தகரக் கூரைக்குக் கீழே இந்த அடுப்பில்தான். பையனுக்குக் காய்ச்சல். அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா மருந்து வாங்கப் போன நேரத்தில், கனல் ஆறாத அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு, கதவு ஜன்னலெல்லாம் சாத்திப் படுத்திருக்கிறான். கரியின் நச்சுக்காற்று. எழுந்திருக்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவன் அப்பா அவன் பெயரைச் சொன்னதெல்லாம் திட்டுவதற்குத்தானாம். இவ்வளவு படித்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து திட்டுவாராம். போன வாரம்தான் மனம் மாறி, புதருக்குள் கிடந்ததைத் தானே இழுத்து வெளியே போட்டிருக்கிறார். தேறும் என்றால், அவன் பிறந்தநாளுக்கு அவனுடைய கூட்டாளிகளைக் கூப்பிட்டு இதிலேயே சமைத்துப் போட வேண்டுமாம்.

"இரும்பு மேல என்னம்மா கோபம்? அவரு மனசு ஆறுதுன்னா ஆறட்டுமே" என்றேன்.

அவர் நான் போட்ட சாக்பீஸ் கோட்டையே பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர் வருகிற வழியில் இரண்டு பட்டறை இருக்கிறது. இரண்டையும் தாண்டி, 'தேறாது' என்று பெயரெடுத்தவனைத் தேடி வந்திருக்கிறார்.

அவருடைய போன் அடித்தது. வீட்டுக்காரர். ஒரு வார்த்தை பேசிவிட்டு, வாய்ப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"தேறாதுன்னு சொல்லிடுங்கண்ணே."

தேறாததைத் தேறும் என்று நான் சொன்னதே இல்லை. தேறுவதைத் தேறாது என்று சொன்னதும் இல்லை.

சாக்பீஸ் கோட்டைக் கட்டைவிரலால் அழித்தேன்.

"தேறாது சார்."

அந்தப் பக்கத்திலிருந்து, "சரிங்க. அவன் பத்தவெச்ச கால் ஒண்ணை மட்டும் அறுத்துக் குடுத்துடுவீங்களா? சும்மா, வீட்ல வெச்சுக்க" என்றார். சரி என்றேன்.

போனை அணைத்து அந்த அம்மாவிடம் கொடுத்தேன். வீட்டுக்காரர் கேட்டதைச் சொன்னேன்.

அவர் அடுப்பின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். புடவையெல்லாம் துருவாயிற்று. வெல்டிங் கோட்டின் மேல் விரலை வைத்து மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

"அவனை மன்னிச்சுட்டாராம்ணே. நேத்து என்கிட்ட சொன்னாரு."

நல்லதுதானேம்மா என்றேன்.

"அவனால எந்திரிச்சு நிக்கக்கூட முடியலண்ணே. குளிருதும்மான்னான். புகையெல்லாம் அடங்கிடுச்சு, வெறும் கனல்தானேன்னு நான்தான் உள்ள தள்ளிட்டு வந்தேன். சாரல் அடிக்குமேன்னு ஜன்னலையும் நான்தான் சாத்திட்டுப் போனேன்."